கழுத்தில் இருக்கும் கண்

டேலியாக் கிழங்குக்குக் கழுத்தில்தான் உயிர். உருளைக்கிழங்குக்கு இருப்பதுபோல் உடம்பெல்லாம் கண் கிடையாது. தண்டும் கிழங்கும் சேருகிற மேட்டில் மட்டுமே முளைக்கண் இருக்கும். கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் தளிர் விடாது. நெதர்லாந்தில் லிஸ்ஸே ஊருக்குப் பக்கத்துப் பண்ணை ஒன்றின் கொட்டகையில், நவம்பர் குளிரில் மேசை முன் நின்றிருந்த போலந்துப் பெண்மணி எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது இதைத்தான்.

முதல் உறைபனி விழுந்து இலையெல்லாம் கறுத்தபின் கிழங்கைத் தோண்டுகிறார்கள். கடற்கரை மணல்மேடுகளுக்குப் பின்னால் இருக்கும் நிலம் இது. மணற்பாங்கான மண் என்பதால் தண்ணீரைப் பீய்ச்சியதும் கிழங்கு சுத்தமாகிவிடுகிறது. கழுவிய கொத்து மேசைக்கு வந்ததும் அவர் அதை விளக்கடியில் ஒருமுறை சுற்றிப் பார்க்கிறார். பழைய தண்டின் அடியைக் கட்டைவிரலால் தடவுகிறார். கடுகளவு புடைப்பு ஒன்று தட்டுப்படுகிறது; அதுதான் கண். அந்தக் கண்ணும் அதற்குரிய கழுத்தும் கிழங்கும் ஒரே துண்டில் வரும்படி கத்தியை இறக்குகிறார். என் கண்ணுக்கு அந்தப் புடைப்பும் பக்கத்திலிருந்த தழும்பும் ஒன்றுபோலவே தெரிந்தன. இலையுதிர் காலத்தில் கண் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும், வசந்தத்தில்தான் நன்றாகத் தெரியும் என்றார். ஆனால் அவர் விரல் வசந்தம்வரை காத்திருக்கவில்லை.

ஒவ்வொரு கொத்து முடிந்ததும் கத்தியைக் கிருமிநாசினியில் முக்குகிறார். டேலியாவுக்கு மொசைக் வைரஸ் பெரிய சாபம். வயலில் அதை அசுவினிப் பூச்சி பரப்பும். நோய் ஏறிய கிழங்கை வெட்டினால், வெட்டிய துண்டெல்லாம் நோயோடுதான் முளைக்கும். எத்தனையோ பழைய ரகங்கள் இப்படித்தான் நலிந்து போயின.

அன்று மேசைக்கு வந்த கூடைகளில் பெரும்பாலானவற்றின் சீட்டில் 'காக்டஸ்' என்று எழுதியிருந்தது. அவை பூத்திருந்ததைச் செப்டம்பரில் அதே பண்ணையின் வயலில் பார்த்திருந்தேன். ஊட்டி மலர்க் கண்காட்சித் தொட்டிகளில் டேலியாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் அது புதுக் காட்சிதான். 'பார்க் பிரின்சஸ்' என்ற இளஞ்சிவப்பு ரகம் குட்டையாக, வரப்பு நெடுக முள் விரித்தாற்போல நின்றது. பண்ணைக்காரர் ஒரு பூவைக் கிள்ளி, ஓர் இதழை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். இதழ் என்று நாம் சொல்வது தனித்தனிச் சிறு பூ. சாமந்தி, சூரியகாந்திக் குடும்பத்தின் வழக்கம் அது. அந்த இதழின் இரண்டு ஓரமும் பின்பக்கமாகச் சுருண்டு, நுனியில் ஊசியாகக் கூர்ந்து, மெல்லிய குழலாகிவிட்டிருந்தது. நீளத்தில் பாதிக்கு மேல் சுருண்டிருந்தால் காக்டஸ். அடிப்பகுதி அகன்று, பாதிக்குக் குறைவாகச் சுருண்டால் அரைக் காக்டஸ். தொட்டால் குத்தாது, பட்டு மாதிரி வழுக்குகிறது.

இந்தக் கூர் இதழ் ஐரோப்பாவுக்கு வந்த கதையைப் பண்ணைக்காரர் தன் வீட்டுக் கதை போலச் சொன்னார். மெக்சிகோவின் மலைகளிலிருந்து மாட்ரித் அரசுத் தோட்டத்துக்குப் போன செடிக்கு, 1791இல் கவனில்லெஸ் என்ற தாவரவியலாளர், ஸ்வீடனின் ஆண்டர்ஸ் டால் நினைவாக டேலியா என்று பெயர் வைத்தார். அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அதைப் பந்தாகத் திரண்ட, ஒழுங்கான பூவாக வளர்த்தெடுத்தார்கள். 1872இல் உட்ரெக்ட் பகுதியைச் சேர்ந்த வான் டென் பெர்க் என்ற தோட்டக்காரருக்கு மெக்சிகோவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே இருந்தவற்றில் பெரும்பகுதி கப்பல் பயணத்தில் அழுகிவிட்டது. பிழைத்தது ஒரே ஒரு டேலியாக் கிழங்கு. அது முளைத்துப் பூத்தபோது, கண்ணைப் பறிக்கும் சிவப்பில், இதழ் சுருண்டு கூர்ந்த பூ. அப்படியொரு டேலியாவை அங்கே யாரும் கண்டதில்லை.

அதற்கு அவர் ஹுவாரெஸி என்று பெயரிட்டார். சபோடெக் பழங்குடியில் பிறந்து மெக்சிகோவின் அதிபரான பெனிட்டோ ஹுவாரெஸின் பெயர் அது. பிரெஞ்சுப் படை கொண்டுவந்து அரியணையில் அமர்த்திய மாக்சிமிலியனை வீழ்த்திக் குடியரசை மீட்டவர். பெட்டி வந்த அதே 1872இல், ஜூலையில், காலமானார். மெக்சிகோ நாட்டுப் பூவுக்கு மெக்சிகோக்காரர் ஒருவரின் பெயர் கிடைத்தது எனக்கு நிறைவாக இருக்கிறது. காக்டஸ் என்ற பெயர் முள்ளால் வந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தச் சிவப்புப் பூ, கள்ளியின் சிவந்த பூவைப் போலிருந்ததால் வந்தது.

இன்று உலகமெங்கும் இருக்கும் காக்டஸ் டேலியாக்களின் வம்சம் அந்த ஒற்றைக் கிழங்கிலிருந்து கிளைத்தது. விதையை நம்பி இதைக் காப்பாற்ற முடியாது. டேலியாவில் குரோமோசோம் தொகுதி எட்டு. ஒரே பூவின் விதைகள் ஆளுக்கொரு நிறத்திலும் உருவிலும் முளைக்கும். ஒரு ரகம் அதே ரகமாக நீடிக்கக் கிழங்கைப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் தளிரை வெட்டி வேர்பிடிக்க வைக்க வேண்டும். ஜனவரியில் கண்ணாடிக் கூடத்தில் தாய்க் கிழங்குகளைச் சூட்டில் முளைக்கவிட்டு, ஏழெட்டு சென்டிமீட்டர் தளிர்களை வெட்டுவதும் கொட்டகையில் கிழங்கு பிரிக்கும் ஆட்கள்தான். ஆக, பெயர் பெற்ற ஒவ்வொரு ரகமும் ஒரே செடிதான். கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது. ஒரு குளிர்காலம் இந்தக் கைகள் ஓய்ந்தால் அதோடு அறுந்துபோகும். ஹுவாரெஸின் பெயரும் வான் டென் பெர்க்கின் பெயரும் புத்தகத்தில் ஏறிவிட்டன. கண் தேடும் விரல்களின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. பருவம் முடிந்ததும் அந்த ஆட்கள் ஊருக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். அவர்கள் கூலியையும் தங்குமிடத்தையும் பேசாமல் இந்தப் பூவின் அழகை மட்டும் பேசுவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

நான் கிளம்பும் முன் எண் மட்டும் எழுதிய ஒரு கூடை மேசைக்கு வந்தது. பண்ணைக்காரர் தாமே விதையிலிருந்து எடுத்த செடி. அந்தப் பெண்மணி அதை மற்றவற்றைவிட மெதுவாகப் பிரித்தார். கண் இல்லாத துண்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டார். என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று பண்ணைக்காரரைக் கேட்டேன். இன்னும் சில கோடையாவது பார்க்க வேண்டும் என்றார். மழை அதிகமான ஆண்டிலும் இதழ் இப்படியே சுருள்கிறதா, தண்டு பூவைத் தாங்குகிறதா, கிழங்கு குளிர்காலம் முழுக்க அழுகாமல் இருக்கிறதா என்று தெரிந்த பிறகே லண்டனில் இருக்கும் ராயல் தோட்டக்கலைச் சங்கத்துக்குப் பதிவுக்கு எழுதுவாராம். டேலியாப் பெயர்களுக்கான உலகப் பதிவேடு அவர்களிடம்தான் இருக்கிறது. சுருள் பாதியைத் தாண்டவில்லை என்றால் அரைக் காக்டஸ் என்றுதான் போட வேண்டியிருக்கும் என்றார், அதிலும் தனக்கு வருத்தமில்லை என்பதுபோல.