மலைக்குப் போகும் தம்பிக்கு



வாலிபர் சங்கத்தார் எல்லாரும் சேர்ந்து கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஊழியத்துக்குப் புறப்படுகிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஒலிபெருக்கியும் ஜெனரேட்டரும் வாங்க லண்டன் சபையில் காணிக்கை திரட்டித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாய். பணத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் இதே லண்டனில் பிறந்து நம் மலைகளில் நடந்த ஒரு அம்மாளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும்.

நம் தாலுகாவில் மிஷனரி என்றாலே டேனிஷ்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 1860-களில் தென்னார்க்காட்டுக்கு வந்தவர்கள். ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் திருக்கோவிலூர் மிஷன் ஆஸ்பத்திரியும் அவர்கள் வழி வந்தவை. அவர்கள் கதை உனக்குத் தெரியும். நான் சொல்லும் எவ்லின் பிராண்ட் வேறு திசையிலிருந்து, சேந்தமங்கலத்துப் பக்கமிருந்து மலை ஏறியவர். 1879-இல் வசதியான வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, ஓவியம் படித்து, 1913-இல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்துகொண்டு கொல்லிமலைக்குப் போனார். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். கொஞ்சம் வைத்தியமும் கற்றிருந்தார்.

அந்தக் காலத்து மலையில் நரம்புச்சிலந்தி என்றொரு கொடுமை இருந்தது. இறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணற்றில் இருந்து குடித்தவர்களுக்கு வரும். காலில் கொப்புளம் கிளம்பி உடையும். உள்ளிருந்து வெள்ளை நூல் மாதிரிப் புழு தலை நீட்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும், அறுந்தால் சீழ் வைத்து ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். ஒரு குச்சியில் அதன் முனையைச் சுற்றி, இன்று கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று நாள்கணக்கில் உருவ வேண்டும். நாறும் புண்ணுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து ஜெஸ்ஸி அதைச் செய்தார். பக்கத்தில் நின்று பார்த்த சிறுவன், அவர்கள் மகன் பால், பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

இத்தனை செய்தும் ஆண்டுகள் பல கடந்தன; ஒருவர்கூட ஞானஸ்நானம் கேட்டு வரவில்லை. ஊர்ப் பூசாரி இவர்களுக்கு எதிராக நின்றார். 1918-ஐ ஒட்டி உலகமெல்லாம் பரவிய விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. செத்தவர்களையும் சாகக் கிடந்தவர்களையும் விட்டுவிட்டுச் சனங்கள் ஓடினார்கள். பிராண்ட் தம்பதி பானையில் கஞ்சி காய்ச்சிக் குடிசை குடிசையாகக் கொண்டுபோய் ஊற்றினார்கள். எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் காய்ச்சலில் விழுந்தபோது அந்தக் குடிசைக்கும் கஞ்சி போனது. சாகும் தறுவாயில் தன் பெண் குழந்தையைப் பூசாரி அவர்கள் கையில்தான் ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். மலையில் முதல் சபை உருவானது அதற்குப் பிறகுதான்.

தம்பி, பூசாரி மனம் மாறுவார் என்ற கணக்கில் அந்தக் கஞ்சி காய்ச்சப்படவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் மாறாமலே இறந்திருந்தாலும் கஞ்சி போயிருக்கும். உதவியைத் தூண்டிலாக்குகிறவர்கள் நம்மிலும் உண்டு. அதைப் பார்த்து ஊர் பேசும்போது நமக்குக் கோபம் வருகிறது. கோபப்படுமுன் நம் கையில் இருப்பது தூண்டிலா கஞ்சியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

1929-இல் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சல் முற்றி இறந்தார். பெற்ற பிள்ளைகள் இருவரும் அப்போது இங்கிலாந்தில் பள்ளியில் இருந்தார்கள். எவ்லினைத் தொடர்ந்து மலையில் வைத்திருக்க மிஷனுக்கு மனமில்லை. சமவெளியில் வேலை கொடுத்தது. அவர் பொறுத்திருந்தார். 1947 வாக்கில், அறுபத்தெட்டு வயதை ஒட்டி, ஓய்வு கொடுத்த கையோடு சொந்தப் பொறுப்பில் மலையேறிவிட்டார். ஐந்து மலைத்தொடர்களுக்குப் போவது என்று கணவனும் மனைவியும் முன்பே தீர்மானித்திருந்தார்கள். அந்த ஐந்தில் நம் கல்வராயனும் ஒன்று. மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார். எழுபத்தைந்து வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. போதும் அம்மா, இறங்கி வாருங்கள் என்று மகன் கெஞ்சியும் கேட்கவில்லை. கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. குதிரையிலிருந்து அடிக்கடி விழத் தொடங்கிய பிறகு சனங்கள் தூளி கட்டித் தூக்கிப் போனார்கள். 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவர் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம்.

அந்த 1974-இல் கல்வராயன் மலை எப்படி இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுப் பார். நாடு விடுதலையாகி இருபத்தேழு ஆண்டுகள் ஆகியும் மேலே ஜாகீர்தார்கள்தான் ராஜாக்கள். 1976-இல்தான் அரசு மலையை எடுத்துக்கொண்டது. அதுவரை கூலியில்லாமல் அவர்களுக்கு உழைத்துக் கிடந்த சனங்களின் குடிசையில்தான் இந்தக் கிழவி போய் உட்கார்ந்தார்.

எங்கிருந்து வந்தது அந்தப் பலம்? பிடிவாதம் மட்டும் இத்தனை தூரம் கொண்டுவராது. தேவன் தன்னிடம் முதலில் அன்புகாட்டினார் என்பதை அவர் படித்துத் தெரிந்துகொண்டவர் மட்டும் இல்லை; கணவனைப் புதைத்த மண்ணில் நின்று அனுபவித்தவர். யோவான் தன் முதல் நிருபத்தில் எழுதுவதும் இந்த வரிசையைத்தான். வாங்கியவனால்தான் கொடுக்க முடியும்.

நானும் வாங்கியிருக்கிறேன். அப்பா கள்ளக்குறிச்சியில் இறந்த வாரம் விசா சிக்கலில் என்னால் புறப்பட முடியவில்லை. அறையைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். கீழ்வீட்டில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அக்கா கதவைத் தட்டினார். கையில் இடியப்பமும் சொதியும். போரில் மகனைப் பறிகொடுத்தவர் அவர். வசனம் எதுவும் சொல்லவில்லை, ஜெபிக்கட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. "அழுங்கோ தம்பி, நான் இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பல வருடம் விட்டுப்போயிருந்த ஆராதனைக்கு அடுத்த ஞாயிறு அவரோடு நானாகத்தான் போனேன். கர்த்தர் என்னை நினைத்திருக்கிறார் என்பதை அந்தச் சொதியில்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது நீங்கள் போகும் மலையை நினைக்கிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு, கல்வராயன் என்றாலே சாராயம் காய்ச்சும் இடம் என்ற பெயரை ஊரே அவர்கள்மேல் ஒட்டிவிட்டது. போலீஸ் போகிறது, சோதனை போடுகிறது. மரவள்ளிக்கு விலை பேசப் புரோக்கர் போகிறார், கடுக்காய் வாங்க வியாபாரி போகிறார். சுற்றுலாக்காரர்கள் மேகம் அருவியில் குளித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அங்குள்ளவர்கள் படும் பாட்டை உயர் நீதிமன்றம் தானே வழக்காக எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது. போகிற எல்லாரும் அவர்களிடம் எதையோ எடுக்கவோ எதையோ சொல்லவோதான் போகிறார்கள். நீங்களும் ஒலிபெருக்கியோடு போனால் அந்த வரிசையில் கடைசியாக நிற்பீர்கள்.

ஆகவே தம்பி, ஒலிபெருக்கிக்கு நான் சபையில் கேட்கமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. வேறொன்றுக்குக் கேட்கிறேன்: ஒரே ஒரு ஊரைத் தேர்ந்தெடுங்கள். மாதாமாதம் அதே ஊருக்குப் போங்கள். பிரசவ வலி கண்டவளை ரோடு வரை தூக்கிவர வேண்டியிருக்கும், சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் நடக்க வேண்டியிருக்கும், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும். ஏன் வருகிறீர்கள் என்று அவர்களே ஒரு நாள் கேட்பார்கள். அப்போது உனக்கு ஆண்டவர் செய்ததை மறைக்காமல் சொல். கேட்காமலே போனாலும் அடுத்த மாதம் போ. ஜீப் வாடகை, மருந்து, நோட்டுப் புத்தகம், இவற்றுக்கு ஆகும் செலவை ஒரு வருடத்துக்குக் கணக்குப் போட்டு அனுப்பு. அக்காவிடமும் சொல்லிவிட்டேன், முதல் காணிக்கை தன்னுடையது என்கிறார். எந்த ஊர் என்று முடிவானதும் எழுது, பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்