கட்டுக்கு எடை கிடையாது

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு ஏழு மணிக்கு மேல் போனால் நல்ல கீரை கிடைக்காது என்று நண்பர் முன்பே சொல்லியிருந்தார். சித்திரை வெயிலில் கீரைக்கு ஆயுள் கம்மி. முந்தின நாள் சாயங்காலம் பிடுங்கியது மறுநாள் காலை யாருடைய பையிலாவது ஏறிவிட வேண்டும். பத்து மணி தாண்டினால் மாட்டுக்குத்தான்.

நண்பர் வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உழவர் சந்தை தொடங்கிய காலத்தில் ஊர் ஊராகப் போய் நிலத்தையும் பயிரையும் நேரில் பார்த்து, அடையாள அட்டைக்குச் சான்று கொடுத்தவர்களில் ஒருவர். கோடை விடுமுறையில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் காய்கறி வாங்கிக்கொண்டே சுற்றலாம் என்று அவர் அழைத்தபோது, பை நிறைய மாம்பழம் என்பதற்கு மேல் எனக்கு வேறு நினைப்பு இல்லை.

மாம்பழத்துக்குக் குறைவில்லை. அழகர்கோவில், நத்தம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து கல்லாமை, காசாலட்டு, சப்பட்டை எல்லாம் வந்திருந்தன. கல்லாமையைக் கேட்டு வாங்குகிறவர் உள்ளூர்க்காரர், பங்கனப்பள்ளியைத் தேடுகிறவர் பிழைக்க வந்தவர் என்று நண்பர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அவர் பிறந்தது தேனிப் பக்கம். வெள்ளரிப் பிஞ்சு, புடலை, பீர்க்கு, பத்துப் பத்தாகக் கட்டிய முருங்கை என்று கோடைக் காய்கள் வரிசையாக இருந்தன. மாம்பழத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நான் கீரையில் மாட்டிக்கொண்டேன்.

மாட்டிவிட்டவர் ஒரு கீரைக்கார அக்கா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். முன்னால் சிறுகீரை, அரைக்கீரை, கொஞ்சம் மணத்தக்காளி, ஒரு சாக்கில் கத்தரிக்காய். நண்பரைப் பார்த்ததும், "சார், வாங்க. இன்னிக்கி லேட்டு. பொன்னாங்கண்ணி முடிஞ்சிருச்சு" என்றார். கத்தரிக்காய்க்குத் தராசு இருந்தது. கீரைக்கு எதுவும் இல்லை. ஒரு அம்மா நாலு கட்டைக் கையில் தூக்கிப் பார்த்து ஒன்றைத் திருப்பி வைத்தபோது அக்கா சிரித்தார். "எல்லாம் ஒண்ணுதாம்மா. என் கை மாறாது."

இந்தக் கைதான் என்னைச் சாயங்காலம் அவர் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

அதற்குமுன் சந்தையைப் பற்றிக் கொஞ்சம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதுதான். 1999 நவம்பர் 14ஆம் தேதி அன்றைய முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். பஞ்சாபில் 1987 முதல் 'அப்னி மண்டி' இருந்தது. ஆந்திரத்தில் அதே 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' வந்திருந்தது. நடுவில் தரகர் இல்லாமல் விளைவித்தவரே விற்பது, கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசு இலவசம், அரசுப் பேருந்தில் காய்கறி மூட்டைக்குக் கட்டணம் இல்லை என்பது ஏற்பாடு. 2001இல் ஆட்சி மாறியதும் பல ஊர்ச் சந்தைகள் களையிழந்தன, 2006க்குப் பிறகு மறுபடி தலையெடுத்தன. சந்தைக்கும் கட்சிக்கொடி உண்டு என்பது தமிழ்நாட்டில் புதிய செய்தி அல்ல. இன்று மாநிலம் முழுக்க 180க்கும் மேல் இருக்கின்றன.

தோட்டம் கருப்பாயூரணியைத் தாண்டி, கிளைச்சாலையில். நாற்பது சென்ட் நிலம், மாமனார் பேரில் பட்டா. அட்டையில் வீட்டுக்காரர் பெயர். ஆனால் சந்தையில் உட்காருவது அக்கா. வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தண்ணீர் பாய்ச்சுவார்.

பாத்தியின் அகலம் ஒரு கணக்கில் போட்டது: வரப்பில் குந்தி உட்கார்ந்து கை நீட்டினால் நடுப்பாத்தி எட்ட வேண்டும். அதற்கு மேல் அகலமானால் உள்ளே கால் வைக்கத் தோன்றும், கால் வைத்த இடத்தில் கீரை எழும்பாது. விதை கடுகைவிடச் சின்னது. வெறும் கையால் தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும் என்பதால் மணலோடு கலந்து தூவுகிறார்கள். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். இருபது, இருபத்தைந்து நாளில் சிறுகீரையை வேரோடு பிடுங்கிவிடலாம். அரைக்கீரை அப்படியல்ல. அடித்தண்டை விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். உரம், பூச்சி, வெள்ளைப் புள்ளி நோய் பற்றி நண்பரும் அக்காவும் நெடுநேரம் பேசினார்கள். எனக்குப் பாதிக்கு மேல் பிடிபடவில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

நாலரை மணிக்கு மேல், வெயில் சாய்ந்த பிறகு, பிடுங்கல். இருட்டுகிற நேரத்தில் கட்டுதல். வீட்டுத் திண்ணையில் ஒரு பல்பு, நடுவில் அலசிய கீரைக் குவியல். தண்ணீரில் ஊறிய வாழைநார் ஒரு வாளியில். அக்கா, மாமியார், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த மகள் மூவரும் உட்கார்ந்தார்கள்.

அக்கா ஒரு பிடி எடுக்கிறார். கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டும் தொடாமலும் நிற்கிற அளவு. வேர்ப்பக்கத்தைத் தரையில் இரண்டு தட்டு. நாரை உருவி இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, நுனியை உள்ளே செருகி அழுத்தினால் முடிந்தது. முடிச்சே கிடையாது. "முடிச்சுப் போட்டா நார் அறுந்துரும். அறுகாட்டி வாங்குனவக வீட்டுல கத்தி தேடணும்" என்றார். இறுக்கினால் தண்டு நசுங்கி ராத்திரியிலேயே கறுக்கும். தளர்த்தினால் வண்டியில் பிரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் விரல் தானாகப் போய் நின்றது, பேச்சு நிற்கவில்லை.

மாமியார் கட்டு பருத்திருந்தது. "ஆத்தா கை அந்தக் காலத்துக் கை. இப்படிக் கட்டுனா நூறுக்கு இருவது கட்டு நட்டம்." மகளுடையது இளைத்திருந்தது. "இதை நீட்டுனா வாடிக்கை போயிரும்." இரண்டு பேர் கட்டியதையும் அவர் கையில் வாங்கி ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். சிலதை அவிழ்த்தார், சிலதில் நாலு தண்டு செருகினார். மாமியாருக்கு இதில் கோபம் உண்டு. "நான் கட்டுன கட்டுலதான் இந்த வீடே நின்னுச்சு" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். அவர் காலத்தில் கீரைக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனவர். அரிசி வாங்கிக்கொண்டு கீரை கொடுத்ததும் உண்டாம்.

கட்டி முடித்ததை வேர் கீழே இருக்கும்படி நிறுத்தி, மேலே ஈரச்சாக்கு. ஈரம் மேலே இருக்க வேண்டும், கட்டுக்குள் இறங்கக் கூடாது. நடுவில் தண்ணீர் நின்றால் புழுங்கி, காலையில் பிரித்தால் வாடை வரும். சாக்கை அக்கா பிழிகிற பிழியைப் பார்த்தால், அதுவும் அளந்துதான் பிழிகிறார் என்று தெரிந்தது.

உழவர் சந்தைக்கு வருவதற்குமுன் மொத்த வியாபாரியிடம்தான் போட்டார்களாம். அங்கே கேட்பது 'மார்க்கெட் கட்டு', இவர் பிடியைப்போல இரண்டு மடங்கு. நூறு கட்டுக்கு ஐந்து கட்டு இனாம். "நாம கட்டுன கட்டை அங்கேயே அவுத்து மூணாக் கட்டுவாக தம்பி. நம்ம கண்ணு முன்னாடியே." அவருக்குக் கட்டுக்கு எட்டு ரூபாய் வந்த அன்று, அந்த மூன்றும் தெருவில் தலைக்குப் பத்து ரூபாய். விலை ஏறியது சரி, ஆனால் அந்த மூன்று கட்டுக்கும் நடுவில் நடந்த வேலை என்ன? நார் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கேட்டபிறகு எனக்குக் கொஞ்சம் பேச வேண்டும். கமிஷன் மண்டியில் நூறு ரூபாய்ச் சரக்குக்குப் பத்து ரூபாய் கமிஷன் என்பது ஊரறிந்த கணக்கு. ஊரறியாதது அதற்குக் கீழே உள்ளது: இறக்குக்கூலி, மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு, 'சரக்கு தேங்கிவிட்டது' என்று மதியம் போனில் வருகிற இன்னொரு விலை. எல்லாவற்றுக்கும் கீழே முன்பணம். விதைக்கும் உரத்துக்கும் வட்டியில்லாமல் கொடுக்கிறார் என்பார்கள். வட்டி ரூபாயில் இல்லை, வேறு மண்டிக்குப் போக முடியாது என்பதில் இருக்கிறது. விலை கேட்கும் உரிமையை அடகு வைத்துவிட்டு ஒருவர் உழுகிறார், விளைச்சல் மூட்டையாக ஏறும்போதுதான் அடகு எங்கே போனதென்று தெரிகிறது. மதுரைக்கு வியாபாரம் புதிதல்ல. அழகர்மலைக் குகையில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தமிழி எழுத்துகள் இருக்கின்றன. மதுரையின் பொற்கொல்லன், உப்பு வணிகன், கொழு வணிகன் என்று பெயர் சொல்கின்றன. கலப்பைக்குக் கொழு விற்றவன் பெயர் பாறையில் இருக்கிறது. அந்தக் கொழுவைப் பூட்டி உழுதவன் யாரென்று அங்கே தெரியாது.

நண்பர் என்னை இதற்குமேல் பேசவிடவில்லை. "கமிஷன்காரர் கடையைத் திறந்து வைத்திருப்பார், லாரி பிடிப்பார், சரக்கு விற்காத அன்றைக்கும் முகம் காட்டுவார். அந்த வேலையை யார் செய்வது?" என்றார். அதற்குப் பதில் ராத்திரி இரண்டரை மணிக்குக் கிடைத்தது.

அக்கா இரண்டு மணிக்கு எழுந்துவிடுகிறார். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் கட்டணம் கிடையாது, மூட்டைக்கும் கிடையாது. ஆனால் அவர் ஊருக்கு முதல் பஸ் ஐந்து மணிக்கு மேல். அதில் போனால் நல்ல இடமும் இல்லை, முதல் கூட்டமும் இல்லை. அதனால் ஊரில் ஆறேழு பேர் சேர்ந்து ஒரு குட்டியானை பிடிக்கிறார்கள். மூட்டைகளுக்கு நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்தோம். பேச்சு முழுக்க யார் வீட்டு மோட்டார் எரிந்தது, கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் என்பதுதான். ஒரு பெரியவர் புடலை மூட்டைமேல் சாய்ந்து தூங்கினார், வண்டி குதிக்கிற இடங்களில் மட்டும் கண்ணைத் திறந்து மூட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சந்தையில் அட்டையைக் காட்டி, தராசு வாங்கி, கடைக்கு முன்னால் சாக்கு விரித்து முடிக்கும்போது நாலரை. விலைப்பலகை எழுதுகிறார்கள். மொத்தச் சந்தையில் அன்று என்ன விலை என்று விசாரித்து, அதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, வெளிக்கடை விலைக்குக் கீழே நிற்கும்படி வைப்பது வழக்கம். கத்தரி, வெண்டைக்கெல்லாம் கிலோ. கீரைக்குக் கட்டு, 10 ரூபாய்.

கட்டு என்றால் எத்தனை கிராம் என்று பலகையில் இல்லை. வெயில் ஏறி, கிணறு இறங்கி, அதே பாத்தியில் பாதிதான் தேறுகிற மாதத்திலும் விலை பத்து ரூபாயாகவே நின்றால், அசைய முடிந்தது ஒன்றுதான்: அந்தக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் உள்ள இடம். "வைகாசிக்குள்ள கொஞ்சம் சுருக்குவேன். சொல்லிட்டுத்தான் சுருக்குவேன்" என்றார் அக்கா. மழை பெய்தால் விரல் விலகும். எடைக்கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை உண்டு, இந்தக் கைக்கு எதிரே நிற்கிற வாடிக்கைக்காரரின் கைதான் முத்திரை. தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனால் அன்று கை தவறிவிட்டது என்று பொருள்.

ஆறு மணிக்குள் இருநூறில் நூறு கட்டு போய்விட்டது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு முன்னால் கீரையும் இருக்கட்டும் என்று வாங்கியவர்கள். கொசுறாக ஒரு பிடி கறிவேப்பிலை கேட்காதவர் கிடையாது. ஒருவர் காரிலிருந்து இறங்கிப் பத்து ரூபாய்க்கு இரண்டு கட்டு கேட்டார். அக்கா பலகையைக் காட்டினார். பேரம் பேசாமல் விற்க அந்தப் பலகை எவ்வளவு பெரிய துணை என்பதை அங்கே நின்றால்தான் உணர முடியும்.

ஆனாலும் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இருநூறு கட்டும் போனால் 2,000 ரூபாய். வண்டிக்கு, நாருக்கு, விதைக்கு, ஆளுக்கு என்று கழிப்பது அவருக்கே மனப்பாடம். கழிக்காத ஒன்று இருக்கிறது: ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலை பத்து மணிவரை அவர் பார்க்கிற விற்பனை வேலை. பகல் முழுக்க விவசாயி, ராத்திரி பாதிக்கு மேல் வியாபாரி. மண்டிக்காரர் எடுத்த பத்து ரூபாயை உழவர் சந்தை காப்பாற்றிக் கொடுத்தது, அவர் செய்த வேலையையும் சேர்த்து அக்காவின் தலையில் வைத்தது. அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த பலரும் பெண்கள். இந்த வேலைக்குச் சம்பளம் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டேன். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. "வீட்டுல இருந்தா மட்டும் தூங்கவா போறேன்?" என்றார்.

ஒன்பதரைக்கு ஒரு மெஸ்காரர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்தார். முப்பது கட்டு மிச்சம் இருந்தது. மேல் இலை துவள ஆரம்பித்திருந்தது. அவர் இறங்காமலே பார்த்தார்.

"நூத்தம்பது வச்சுக்கக்கா."

"போர்டுல பத்து ரூவா போட்டுருக்கு, பாக்கலையா?"

"அது அஞ்சு மணிக் கீரைக்கு."

"இருநூறு குடுங்க. செவ்வாய்க்கெழமை அரைக்கீரை அறுக்கிறேன். மொதக் கட்டு இருவது உங்களுக்குத்தான்."

"செவ்வாய்க்கெழமைக்கு முருங்கைக்கீரை சொல்லிட்டேன்."

நூற்றெழுபதில் முடிந்தது. அவர் போன பிறகு அக்கா ரூபாயை மடியில் முடிந்துகொண்டு என் பக்கம் திரும்பினார். "இவரும் ஏவாரிதான் தம்பி. ராத்திரி நீங்க சாரோட பேசுனதைக் கேட்டுட்டுத்தான் இருந்தேன். எழுதும்போது இவரை வைய வேணாம். இவர் வராத அன்னிக்கி எனக்கு முன்னூறு ரூவா போச்சு."

தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாக்கை உதறி மடித்தார். பத்து மணிப் பஸ்ஸை விட்டால் அடுத்தது பதினொன்றரைக்கு. கரண்டு நிற்பதற்குள் மோட்டார் போட்டாக வேண்டும், நேற்றுப் பிடுங்கிய பாத்தியில் இன்று விதை தூவ வேண்டும். கத்தரிக்காயில் மிஞ்சியதை என் பையில் கவிழ்த்தார். காசு நீட்டினேன். வாங்கிக்கொண்டு, பலகை விலைப்படி சில்லறை திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினார்.