கொழுந்தும் கருவிழியும்

ஹற்றன், நுவரெலியாச் சரிவுகளில் கொழுந்து பறிப்பவளின் விழியில் தேயிலைக் கிளை உராய்வது புதினமன்று. மண்ணும் உடன்புகுந்தால், அதில் வாழும் நொகார்டியா என்னும் பற்றீரியா கருவிழியைப் பற்றக்கூடும். மெல்லவே முற்றும் அப்புண், வெண்புள்ளிகள் மாலைபோற் சூழ, பங்கசுத் தொற்றென மருத்துவரையும் மயக்கும். சுரண்டியெடுத்த துகளை நிறமூட்டி நுணுக்குக்காட்டியில் நோக்கினால், கிளைத்த நுண்ணிழைகள் தென்படும். பின்னர் அமிக்கசின் சொட்டுமருந்து பெரும்பாலும் பலிக்கும். அரிதாவது மருந்தன்று, ஐயுறவே. சிவப்பை விரைந்தடக்கும் ஸ்டீரொயிட்டோ இங்கு ஊறு விளைக்கும்: பெரும்பாலும் தமிழ்நாட்டு அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நிகழ்ந்து 2012இல் வெளியான, 500 நோயாளரைக் கொண்ட ஆய்வில், அதனைப் பெற்ற நொகார்டியாக் கண்களிலே தழும்பு பெரிதாயிற்று.

ஆயின், இவையெல்லாம் அவள் வந்துசேர்ந்த பின்னரே. ஒருநாட் பேர் போய்விடுமென்று, முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே அவள் அடுத்த நிரைக்கு ஏறுகிறாள்.