ராஜேந்திரன் முகம் எது பாஸ்?

உடையார்பாளையம் பஸ் ஸ்டாப்பில் டீ குடித்துக்கொண்டிருக்கும் யாரையாவது பிடித்து, "ராஜராஜ சோழன் பார்க்க எப்படி இருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர் என்றால் 1973-ல் வந்த படத்தின் சிவாஜி கணேசனைச் சொல்வார். உங்க வயசு என்றால் 2022 'பொன்னியின் செல்வன்' அருண்மொழிவர்மன். சரி, அவர் பையன் ராஜேந்திரன்? அதற்கு மட்டும் சினிமா பதில் வராது. "ஜெயங்கொண்டம் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம் போங்க தம்பி. அங்க கல்லுலயே இருக்காரு!" என்பார்கள்.

நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் யார் வந்தாலும் சுமார் 20 கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போய், கோயிலின் வடக்கு வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இதோ பார், ராஜேந்திரன்!" என்று கெத்தாகக் கை நீட்டுவேன். ஒருநாள் ஜூனியர் ஒருத்தன் ரொம்ப அப்பாவியாகக் கேட்டான். "பேரு எங்கண்ணா எழுதியிருக்கு?"

அவ்வளவுதான். கெத்து காலி!

முதலில் சிற்பத்தைப் பாருங்கள். சிவனும் பார்வதியும் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே ஒருவர் கைகூப்பித் தலையைத் தாழ்த்தியிருக்கிறார். சிவன் அவர் தலையில் பூமாலையைச் சுற்றிக் கட்டுகிறார். கதைப்படி அவர் சண்டிகேசர். பெரியபுராணத்து விசாரசருமன். மாடு மேய்க்கிற பையன், மணலில் லிங்கம் பிடித்துப் பாலை ஊற்றிப் பூஜை செய்கிறான். பால் வீணாகிறதே என்று அப்பா வந்து குடத்தை எட்டி உதைக்க, பையன் அவர் காலையே வெட்டிவிடுகிறான். சிவன் அவனைத் தன் பிள்ளையாக ஏற்று மாலை சூட்டுகிறார். பக்கத்துச் சுவரில் இந்தக் கதை சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகிறது, விடாமல் தேடிப் பாருங்கள்.

அப்படியென்றால் ராஜேந்திரன் எங்கிருந்து வந்தார்? கலை வரலாற்றாளர்கள் சிலர் சொன்ன யோசனை அது. 1023 வாக்கில் படை கங்கை வரை போய் ஜெயித்துத் திரும்பியது. அந்த வெற்றிக்காகவே எழும்பிய ஊர், கோயில். அங்கே வாசலிலேயே ஒருவர் தலையில் கடவுள் மாலை கட்டுகிறார் என்றால், அது மன்னருக்குக் கட்டிய வெற்றி மாலைதானே? அழகான யோசனை. ஆனால், ராஜேந்திரன் என்று பேர் சொல்லும் எழுத்து அந்தச் சிற்பத்தோடு இல்லை.

இதே தலைவலி ஐரோப்பாக்காரர்களுக்கும் உண்டு. லண்டன் நேஷனல் கேலரியில் யான் வான் ஐக் வரைந்த ஓர் ஆண் முகம் இருக்கிறது. 1432 அக்டோபர் 10 என்று தேதியும் உண்டு, ஓவியர் பேரும் உண்டு. வரையப்பட்டவர் யார்? இன்றைக்கும் தெரியாது! மோனாலிசா கதை வேறு. ஃபுளோரன்ஸ் நகரத்து அலுவலர் ஒருவர், தான் படித்துக்கொண்டிருந்த சிசரோ புத்தகத்தின் ஓரத்தில், 'லியனார்டோ இப்போது லிசா தெல் ஜியோகொண்டோவை வரைந்துகொண்டிருக்கிறார்' என்று 1503 அக்டோபரில் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பு ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் 2005-ல்தான் கண்ணில் பட்டது. 500 வருஷத்துச் சண்டையில் மார்ஜின் கிறுக்கல்தான் பெரிய சாட்சி. (நோட்டு ஓரத்தில் கிறுக்கும் நண்பர்களே, தொடருங்கள்!)

காலத்தைக் கண்டுபிடிக்கவும் அங்கே ஆயுதங்கள் நிறைய. ஓக் பலகையில் வரைந்த படமா? மர வளையத்தை எண்ணி, இந்த வருஷத்துக்கு முன்னால் இந்த மரம் வெட்டப்படவில்லை என்று சொல்லிவிடுவார்கள். பிரஷ்ஷியன் நீலம் பூசியிருக்கிறதா? அந்த நிறமே 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்தது. அப்புறம் எப்படி அது 1600-ல் வரைந்த படமாகும்? சட்டைக் காலர், தலைப்பாகை, மோதிரம் எல்லாம் சாட்சி சொல்லும். கவனித்தீர்களா, இந்த விசாரணையில் முகம் கடைசியில்தான் வருகிறது.

நம்ம ஊர்ப் பிரச்னை, கருங்கல். கல்லுக்கு வயசு பார்த்தால் கோடிக்கணக்கில் சொல்லும், உளி பட்ட நாளைச் சொல்லாது. கல்வெட்டுதான் கதி. இந்தக் கோயில் சுவரில் கிடைக்கும் பழைய கல்வெட்டே ராஜேந்திரனுடையது அல்ல, அவர் மகன் வீரராஜேந்திரன் காலத்தது. போதாக்குறைக்கு, 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட இந்தக் கோயில் மதில் கல்லையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அணைக்கரைப் பாலத்தில் பஸ் ஊர்ந்து போகும்போதெல்லாம் எனக்கு அதே நினைப்புதான். அந்த ஜூனியர் கேட்ட பேர், தண்ணிக்கு அடியில் எந்தக் கல்லிலாவது இருக்குமோ?

நம்மவர்களுக்குப் பேர் எழுதும் பழக்கமே இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். கும்பகோணம் பக்கம் கோனேரிராஜபுரத்தில், செம்பியன் மாதேவி தன் கணவர் கண்டராதித்தர் பேரில் எழுப்பிய கற்கோயில் இருக்கிறது. லிங்கத்தை வணங்கும் உருவத்துக்குக் கீழேயே 'இவர் கண்டராதித்தர்' என்று விவரம் வெட்டியிருக்கிறார்கள். மாமல்லபுரம் ஆதிவராகர் குகையில் பல்லவ ராஜாக்களுக்கும் பேர் உண்டு. சொல்ல நினைத்த இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் இங்கே மட்டும் ஏன் மௌனம்?

என்னைக் கேட்டால், சிற்பி செதுக்கியது சண்டிகேசரைத்தான். கிரீடம் இல்லை, ராஜ உடை இல்லை. இதே காட்சி மற்றக் கோயில்களிலும் உண்டு. ஆனால், போர் முடித்து வந்த மன்னர் இந்தப் படி ஏறும்போது, கூட வந்தவர்கள் இந்த மாலையையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? அதற்கு வசதியான இடமாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன். ஆனால், 'ராஜேந்திரன் மூக்கு இப்படித்தான்' என்று இனி யாரிடமும் சத்தியம் பண்ண மாட்டேன்.

லீவு நாளில் கிளம்புங்கள். நந்தி, சிம்மக் கிணறு, புல்வெளி செல்ஃபி எல்லாம் முடியட்டும். அப்புறம் வடக்குப் படிக்கட்டுக்கு வந்து பத்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். முகத்தை விடுங்கள், சிவனின் விரல்களைப் பாருங்கள். பிள்ளைக்குத் தலை சீவி விடுகிற அப்பாவின் பக்குவம் அந்த விரல்களில் இருக்கும். காலை இழந்த அப்பா பக்கத்துச் சுவரில்.

உங்க ஓட்டு யாருக்கு? ராஜேந்திரனா, மாடு மேய்த்த பையனா? பார்த்துட்டு வந்து சொல்லுங்க!