48 என்பது எங்கே வைத்து அளந்தது?

மாமாவின் மொரிஸ் மைனருக்கு உள்ள பழைய கையேட்டில் 48 குதிரைவலு என்று போட்டிருக்கிறது. 1098 சிசி எஞ்சின், நிமிடத்துக்கு 5100 சுற்றில் 48. 1962க்குப் பிறகு வந்த மைனர் 1000 கார்களுக்கு இதுதான் கணக்கு. அதுக்கு முந்தின 948 சிசி எஞ்சினுக்கு 37. எங்க லயத்துப் பொடியன்கள் போனில் பார்க்கிற அமெரிக்க மசில் கார்களுக்குப் பக்கத்தில் வைத்தால் சிரிப்புத்தான் வரும். 1966 டொட்ஜ் சார்ஜரில் போட்ட 426 ஹெமி எஞ்சினுக்குக் கம்பனி சொன்னது 425. எங்க மாமாவுடைய மாதிரி ஒன்பது காரைச் சேர்த்துக் கட்டினால்தான் அதுக்கு ஈடு.

பதுளைப் பக்கத்தில் குதிரைவலு என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டி. 2024 ஏப்ரல் 21இல் அங்கே ஒரு கார் தடத்தை விட்டுப் பார்வையாளர் மேல் ஏறி ஏழு பேர் செத்துப் போனார்கள். அதுக்குப் பிறகும் பொடியன்கள் வேகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு வேகத்தில் பெரிய ஆசை இல்லை. அந்த 48 எங்கிருந்து வந்தது, இப்போது எங்க மலையில் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கு என்பதுதான் மண்டையைக் குடைந்த கேள்வி. கலைப் பீடத்தில் புவியியல் படிக்கிற ஒரு பொம்பளப் புள்ளைக்கு இது என்ன வேலை என்று விடுதியில் கேட்டார்கள். கராஜில் மாமா மட்டும் கேட்கவில்லை. “ஸ்பானர் எடு புள்ள” என்றார்.

முதலில் குதிரையையே பார்ப்போம். நீராவி எஞ்சின் விற்க வந்த ஜேம்ஸ் வாட், தன் எஞ்சின் எத்தனை குதிரைக்குச் சமம் என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் 33,000 இறாத்தலை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கும் என்று கணக்குப் போட்டார். இன்றைய அலகில் அது 746 வாற்று. நாள் முழுக்க அந்த அளவில் உழைக்க சாதாரணக் குதிரையால் ஏலாது. ஒரு வியாபாரி தன் பொருளை விற்கப் போட்ட கணக்கு, இருநூறு வருசத்துக்கு மேலாக உலகத்துக்கே அளவுகோல். ஆனாலும் அதில் எனக்குப் பிடிச்ச ஒன்று இருக்கிறது: வலு என்றால் பாரத்தை உயரத்துக்குத் தூக்குவது. எங்க ஊரில் உயரத்துக்கா பஞ்சம்?

வண்டியை உருளையில் ஏற்றி வலு பார்க்கிற டைனோ மெசின் எங்களுக்கு எட்டாத விசயம். மலை இருக்கு, அது போதும் என்று ஆரம்பித்தோம். தோட்டத்துக்கு ஏறும் தார் ரோட்டில் ஒரு மதகிலிருந்து ஒரு பழைய கல் வரைக்கும் 600 மீற்றர். பெரிய வளைவு இல்லை. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் சமவுயரக் கோடுகளைப் பார்த்து, போனிலும் ஒத்துப் பார்த்து, ஏற்றம் 50 மீற்றர் என்று எடுத்தேன். கார் 775 கிலோ அளவில். மாமா, நான், டாங்கியில் பெட்ரோல் எல்லாம் சேர்த்து 920. மதகுக்கு வர முன்னமே மூன்றாம் கியரில் முழுக்க மிதித்து, வண்டி தனக்கு முடிஞ்ச வேகத்தில் நிலைச்சுப் போகணும். தொடங்கிறப்பவும் முடியிறப்பவும் ஒரே வேகம் இருந்தால்தான் கணக்கு சரிவரும். இல்லாவிட்டால் மலைக்குப் போன வலு எது, வேகம் கூட்டப் போன வலு எது என்று பிரிக்க ஏலாது. விடியற்காலை ஆறு மணிக்கு, ரோட்டில் ஆள் இல்லாத நேரம், நான்கு தடவை ஓடினோம். சராசரி 48 செக்கன். மணிக்கு 45 கிலோமீற்றர்தான்.

920ஐ 9.81ஆல் பெருக்கி, பிறகு 50ஆல் பெருக்கினால் 451,260 யூல். 48 செக்கனால் வகுத்தால் 9,401 வாற்று. குதிரைக் கணக்கில் 12.6.

மாமா முகம் சுருங்கிப் போச்சு. “48 எங்க, 12 எங்க?” என்றார். உண்மையில் அவ்வளவு மோசமில்லை. 12.6 என்பது மலை ஏறுவதுக்கு மட்டும் போன வலு. டயர் உருள்வதுக்கும் காற்றைத் தள்ளுவதுக்கும் போனது தனி. கியர்பெட்டி, பின் அச்சு தின்றது தனி. கையேட்டின் 48 வருவது 5100 சுற்றில். நாங்கள் ஓடினது அதில் பாதிச் சுற்றில். இன்னொன்று, உயரம். மேலே போகப் போகக் காற்று ஐதாகும். சுப்பர் சார்ஜர், டேர்போ எதுவும் இல்லாத எஞ்சின் அதுக்கேற்ற மாதிரித்தான் மூச்சு வாங்கும். சுமார் 1430 மீற்றர் உயரத்தில் உள்ள ஹப்புத்தளையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 13 வீதம் போலக் குறைவு. காலி வீதியில் 48 குதிரை காட்டுகிற கார் அங்கே 42தான் காட்டும். கார் கெட்டுப் போகவில்லை, இடம் மாறியிருக்கு.

பிறகு டியூன் பண்ணினோம். பெரிய வேலை எதுவும் இல்லை. இந்தக் காருக்கு 1275 சிசி எஞ்சின் மாற்றலாம், இரட்டைக் காபரேட்டர் போடலாம், ஹெட்டைச் சீவி அழுத்தம் கூட்டலாம். எல்லாம் காசு. மாமாவின் கொள்கை, இருக்கிறதை முதலில் ஒழுங்காக்கு. வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 இருக்கணும். இரண்டு வால்வில் அது இல்லவே இல்லை. பொயின்ட் இடைவெளி 15க்குப் பதில் 20க்கு மேல். பற்றவைப்பு நேரமும் பிந்தி நின்றது.

மிக நேரம் எடுத்தது எஸ்யூ காபரேட்டர். அதன் அழகு என்னவென்றால் அளக்கக் கருவியே தேவையில்லை, காது போதும். பக்கத்தில் உள்ள ஊசியால் பிஸ்டனைக் கொஞ்சமாய்த் தூக்கணும். சத்தம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் கூட. எஞ்சின் சாகப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் சற்றுக் கூடித் திரும்பவும் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஐதான காற்றுக்கு எங்க காரில் பெட்ரோல் கூடவே போய்க்கொண்டிருந்தது. பிளக் எல்லாம் கரி. அடியில் உள்ள நட்டை ஒவ்வொரு முகமாகத் திருப்பித் திருப்பி ஒரு பகல் முழுக்கப் போச்சு. திரும்பவும் அதே மதகு, அதே கல், அதே நேரம். 41 செக்கன். 14.8 குதிரை. ஒரு பாகம்கூடப் புதிதாக வாங்காமல் இரண்டு குதிரைக்கு மேல்.

மசில் கார்க்காரர்களின் எண்களைத் தேடிப் போனபோதுதான் ஒரு விசயம் பிடிபட்டது. 1971 வரைக்கும் அமெரிக்கக் கம்பனிகள் விளம்பரத்தில் போட்டது மொத்த வலு. எஞ்சினை வெளியே எடுத்து மேடையில் பூட்டி, காற்று வடிகட்டி இல்லாமல், மின்னாக்கி இல்லாமல், தடையில்லாத புகைக் குழாயுடன் ஓட்டி எடுத்த எண். 1972 மொடலிலிருந்து காரில் இருக்கிற மாதிரியே எல்லாம் பூட்டி அளக்கிற நிகர வலுவுக்கு மாறினார்கள். இடையில் 1971இல் சில கம்பனிகள் இரண்டையும் வெளியிட்டன. செவ்ரோலட் கோவெட்டின் எல்டி-1 எஞ்சின் அந்த வருசம் மொத்தத்தில் 330, நிகரத்தில் 275. ஒரே எஞ்சின்தான். அதனால் யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் நான் இப்போது கேட்கிறது: எங்க வச்சு அளந்தது, எதைக் கழிச்சது?

இந்தக் கேள்வி கராஜோடு நிற்கவில்லை. அம்மா கொழுந்து எடுக்கிறவ. எங்க தோட்டத்தில் ஒரு பேருக்கு 18 கிலோ, குறைஞ்சா அரைப்பேர். அதுக்கு மேல் போகிற கிலோவுக்குத்தான் மேலதிகக் காசு. காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவை. ஒரு நாள் காலை நிறுவைக்குப் போகிறப்ப அம்மாவின் சாக்கை மாமாவின் தொங்கு தராசில் போட்டுப் பார்த்தேன்: 16 கிலோ. மடுவத்தில் எழுதியது 14. சாக்குக்கும் தண்ணிக்கும் கழிவு. வெறும் சாக்கையும் நிறுத்தேன். 400 கிராம்.

கழிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மழையில் நனைஞ்ச கொழுந்து பாரம்தான், சாக்கும் பாரம்தான். நிகர வலு நேர்மையான அளவு என்றால் நிகர நிறையும் அப்படித்தான். ஆனால் ஆடி, ஆவணியில் கச்சான் அடித்து இலை காய்ஞ்சு கிடக்கிற நாளிலும் தண்ணிக்கான கழிவு குறைவதில்லை. ஒவ்வொரு நிறுவைக்கும் அதே 2 கிலோ. கோவெட்டுக்கு இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகி வந்தது. அம்மாவின் துண்டில் ஒரு எண்தான் இருக்கிறது.

அம்மாவுக்கும் குதிரைக் கணக்குப் போட்டேன். உடல் 52 கிலோ, கொழுந்து 16. மலையிலிருந்து மடுவத்துக்கு 60 மீற்றர் ஏற்றம், 12 நிமிடம். 55.6 வாற்று. ஒரு குதிரையில் பதின்மூன்றில் ஒரு பங்கு போல. அதில் 16 கிலோவையும் சுமந்துதான் ஏறியிருக்கு. சொன்னப்ப அம்மா சிரிச்சா. “கழிவக் கேட்டா அடுத்த நாள் எந்த மலைக்கு அனுப்புவானுகன்னு தெரியாதா ஒனக்கு?” என்றா.

அது எனக்கும் தெரியும். அதனால் கேட்கச் சொல்லவில்லை. ஒரு கொப்பி வாங்கி மூன்று கோடு போட்டுக் கொடுத்தேன்: திகதி, நம்ம தராசில் எவ்வளவு, மடுவத்தில் எவ்வளவு. பக்கத்தில் மழையா வெயிலா என்று ஒரு சொல். முதல் வாரம் அம்மா மட்டும் எழுதினா. இப்போது லயத்தில் நான்கு வீட்டு ஆட்கள் விடியவே மாமாவின் தராசு கேட்டு வருகிறார்கள். கராஜ் வேலை கெடுது என்று மாமா முணுமுணுக்கிறார், ஆனால் கொடுக்கிறார். போன கிழமை சங்கத்துத் தலைவர் அந்தக் கொப்பியைப் பார்க்கக் கேட்டாராம். கூடவே ஒரு வெறும் சாக்கையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.