தயிர்ச்சட்டியில் ஒரு தோட்டம்

மட்டக்களப்பில் எருமைத் தயிர் வாங்கும் வீட்டில் சட்டிக்குப் பஞ்சமில்லை. தயிர் தீர்ந்ததும் வெறும் சட்டிகள் குசினி மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிடும். அதில் ஒன்றை எடுத்து, சுடுதண்ணீர் விட்டுப் பாற்பிசுக்குப் போகத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எறும்பு விடாது. பிறகு ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வேண்டும். ஊறிய சட்டி இலகுவில் வெடிக்காது. நனைந்த சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் சட்டியைக் கவிழ்த்து, பழைய ஆணியொன்றின் முனையை அடியின் நடுவில் வைத்துத் திருக வேண்டும். சுத்தியலைத் தொடவே கூடாது. செந்தூள் மெல்ல மெல்ல உதிரும். சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்குத் துவாரம் விழுந்ததும் நிறுத்தி, உள்ளே ஓர் ஓட்டுத்துண்டை வைத்து மூடினால் பூச்சாடி தயார்.

அதில் எதை நடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். எந்தச் சாடியிலும் தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு அடியில் ஒரு படை மண் சொதசொதவென்று நனைந்தபடியே நிற்கும். அந்தப் படையின் உயரத்தை மண்ணின் தன்மைதான் தீர்மானிக்கிறது. ஆழமான சாடியில் அது அடியில் ஒரு சிறு பங்கு. தட்டையான தயிர்ச்சட்டியில் அதுவே பாதி. அடியில் சல்லிக்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று சொல்வார்கள். கல் போட்டால் அந்த ஈரப்படை இன்னும் மேலே, வேருக்குக் கிட்ட ஏறுகிறது, அவ்வளவுதான். ஆகவே தயிர்ச்சட்டிக்குப் பொருத்தமானவை ஈரத்தை விரும்பும் வல்லாரையும் பொன்னாங்காணியும். ஈரம் ஆகாத கற்றாளைக்கும் மருளுக்கும் ஆழமான சாடி வேண்டும்.

இந்த ஊரில் செடி வளர்ப்பது தண்ணீரை விளங்கிக்கொள்வதில்தான் தொடங்குகிறது. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதன் ஒரு பக்கம் படுவான்கரை, நெல்வயல்களின் கரை. மற்றப் பக்கம் எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் துண்டம். அந்த மணலுக்குள் மழைநீர் இறங்கி, கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. கல்லடியிலும் ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் கிணற்றில் அள்ளுவது அந்தப் படையைத்தான். 2004 டிசம்பர் 26இல் சுனாமியில் கடல் கிணறுகளுக்குள் புகுந்தபோது, உப்பை இறைத்து வெளியேற்றிவிடலாம் என்று பல இடங்களில் மோட்டார் வைத்து இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்த கிணறுகளில் கீழே கிடந்த உப்பு மேலே வந்தது. கிணறுகளை மெல்ல மீட்டது அதன்பின் பெய்த மாரி மழைதான்.

அந்தப் பாடம் பூச்சாடிக்கும் பொருந்தும். கோடையில் கிணற்று நீர் குறையக் குறைய உவர்ப்பு ஏறும். நாளுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் என்று மேலாக ஊற்றிக்கொண்டு வந்தால், தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் தங்கும். சட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூக்கிறதே, அது உப்பு. இலை நுனி கபில நிறமாகக் கருகுவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். அதைக் கண்டதும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். உப்பு இன்னும் ஏறும். செய்ய வேண்டியது நேர்மாறானது: ஊற்றும் நாளைக் குறைத்து, ஊற்றும்போது அடித்துவாரத்தால் தாராளமாக வழியும்வரை ஊற்ற வேண்டும். வழிந்த நீர் உப்பையும் கொண்டு போய்விடும். தட்டில் தேங்கியதை அப்போதே கவிழ்த்துவிட வேண்டும், சட்டி அதைத் திரும்பக் குடிக்காமல்.

எல்லாச் செடியும் உப்பை ஒரே மாதிரித் தாங்குவதில்லை. உலக உணவு விவசாய நிறுவனம் 1985இல் வெளியிட்ட பாசனநீர் நூலில் இதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. மண்ணின் உவர்ப்பு, மீற்றருக்கு 1 டெசிசீமன்ஸ் என்ற அளவைத் தாண்டினாலே போஞ்சியின் விளைச்சல் விழத் தொடங்கும். மிளகாய்க்கு அந்த எல்லை 1.5, தக்காளிக்கு 2.5. எழுவான்கரையில் போஞ்சி நட்டு மனம் உடைந்தவர்கள் தங்கள் கைராசியைக் குறை சொல்லத் தேவையில்லை. போஞ்சி மலைநாட்டின் பயிர். இங்கே பசளியும் பயற்றையும் இருக்கின்றன; மிளகாயைச் சாடியில் வைத்து மழைநீர் ஊற்றலாம்.

பராமரிப்புக் குறைவான செடி எது என்று கேட்பவர்களிடம் இதை எழுதுபவர் முதலில் சொல்வது மருளைத்தான். பாம்புச் செடி என்று நகரத்துக் கடைகளில் விற்கிறார்களே, மஞ்சள் விளிம்போடு வாள்போல நிமிர்ந்து நிற்பது, அது மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்தது. அதன் நெருங்கிய உறவு இந்தத் தீவின் வரண்ட காடுகளில் தானாக வளர்கிறது. இந்தக் காட்டு மருளின் தாவரவியல் பெயரிலேயே இலங்கை இருக்கிறது: செய்லானிக்கா. மருள் நாரை வில்லுக்கு நாணாக முறுக்கினார்கள். சிங்களத்தில் அது நியந்த. கண்டிப் பக்கத்தில் தும்பறைப் பாய் நெய்தவர்கள் அதன் நாரையும் சாயம் தோய்த்துப் பயன்படுத்தினார்கள். அந்தப் பழைய நார்ச்செடியின் இனம்தான் இன்று விறாந்தை அழகுக்குக் காசு கொடுத்து வாங்கப்படுகிறது.

மருள் தாகம் தாங்குவதற்குக் காரணம் அதன் மூச்சில் இருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை எடுக்கும்போது நீரையும் இழக்கின்றன. மருள் பகலில் துளைகளை மூடிவைத்து, வெயில் போன பிறகு இரவில் திறக்கிறது. மூன்று வாரம் ஊற்றாவிட்டாலும் நிற்கும். ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் சாகும்.

இதை எழுதுபவர் அதைச் செய்து பார்த்தே படித்தார். நன்றாகத் தழைத்த நான்கு மருள் கன்றுகள் தயிர்ச்சட்டியில், முற்றத்தில். ஐப்பசி பிறந்து மழை இறங்கியதும் செடி குடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். இரண்டு வாரத்தில் இலைகள் அடியில் கூழாகிச் சாய்ந்தன. தூக்கினால் கையோடு வந்தன, அழுகிய வாடையோடு. அம்மம்மா பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “தொட்டுப் பாத்திட்டு ஊத்து மனே. மழைக்கு நீ சொல்லேலாது, சட்டிய உள்ள எடுக்கலாம்தானே.” அன்றிலிருந்து விரலின் இரண்டாம் கணுவரை மண்ணுக்குள் விட்டுப் பார்க்காமல் அவர் தண்ணீர் எடுப்பதில்லை. மருளுக்கு இப்போது ஆழமான சாடி, பாதிக்குப் பாதி ஆற்றுமணல். கடல் மணல் ஆகவே ஆகாது.

மருளைப் பெருக்க இலையைத் துண்டாக வெட்டி நட்டாலும் வேர்விடும். ஆனால் மஞ்சள் விளிம்புள்ள இலையிலிருந்து வரும் குட்டிக்கு மஞ்சள் இருக்காது, வெறும் பச்சையாகத்தான் வரும். விளிம்பு வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும். வாங்கியவர்கள் ஏமாந்துபோய்க் கேட்கும் கேள்விகளில் இது முக்கியமானது.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு முடியும்போது கச்சான் காற்றும் வந்துவிடும். மேற்கிலிருந்து வரும் அந்தச் சூட்டுக்காற்றில் காலையில் நனைத்த சட்டி மதியத்தில் காய்ந்திருக்கும். மேற்கு யன்னலிலும் வாசலிலும் நிற்பவற்றைக் கிழக்குப் பக்கம் மாற்ற வேண்டிய நேரம் அது. ஒரு செடி மட்டும் அந்தக் காய்ச்சலில் கொண்டாடும்: கடதாசிப் பூ. நிறமாகத் தெரிபவை இதழ்களல்ல, பூவைச் சுற்றிய இலைகள். உண்மைப் பூ நடுவில் நிற்கும் சின்ன வெள்ளைக் குழல். தண்ணீரும் எருவும் அதிகம் கொடுத்தால் இலையாகவே தள்ளும், வாட விட்டால் நிறம் கொட்டும். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் மீன் கழுவிய தண்ணீர் நல்ல உரம். ஆனால் உப்பும் புளியும் போட்டு உரசுவதற்கு முன் கழுவிய முதல் தண்ணீர் மட்டும்.

மணிபிளாண்டைப் போத்தலில் விடாத வீடு இல்லை. கணு ஒன்றாவது நீருக்குள் இருந்தால் வேர்விடும்; கணுவில்லாத தண்டு எத்தனை மாதம் நின்றாலும் விடாது. அது வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் என்ற பேச்சு 1989இல் நாசா செய்த ஆய்விலிருந்து பரவியது. அந்தச் சோதனை நடந்தது மூடிய சிறு பெட்டிகளில். 2019இல் வெளியான ஒரு மீளாய்வு கணக்குப் பார்த்தது: யன்னல் திறந்தால் வரும் காற்றுக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீற்றருக்குக் குறைந்தது பத்துச் செடி, கூடினால் ஆயிரம். வாவிக்காற்று வரும் யன்னலைத் திறந்துவிட்டு, செடியைச் செடிக்காகவே வைத்துக்கொள்ளலாம்.

போத்தலில் கவனிக்க வேண்டியது டெங்கு. முட்டையிலிருந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும்; முட்டையோ காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக் கிடக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வந்தால் முதலில் பார்ப்பது பூச்சாடித் தட்டுகளைத்தான். பேசாமல் தட்டையே எடுத்துவிட்டு, சாடியை இரண்டு செங்கல்லில் தூக்கி வைப்பது நல்லது.

2022இல் பொருளாதாரம் விழுந்தபோது, வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரசாங்கம் பொதுத்துறை ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கியது. பலர் அப்போதுதான் முதன்முதலில் மண்வெட்டியைத் தொட்டார்கள். நிலமில்லாதவர்களின் விறாந்தைக்கு உரப்பைகளும் தயிர்ச்சட்டிகளும் ஏறின. அவர்களில் நிலைத்தவர்கள் கீரையில் தொடங்கியவர்கள். மூன்று, நான்கு வாரத்தில் கறிச்சட்டிக்கு ஏதோ ஒன்று வந்துவிடுகிறது.

மட்டக்களப்பில் வருட மழை ஏறக்குறைய 1,700 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு நவம்பர், டிசம்பர், ஜனவரிக்குள் கொட்டித் தீர்க்கும். அப்போது மருளும் கற்றாளையும் கூரைக்குள் போகும், வல்லாரைச் சட்டிகள் முற்றத்துக்கு வரும். கோடை முழுக்கச் சேர்ந்த உப்பை மழை கழுவிவிட, வல்லாரை கொடியோடத் தொடங்கும். ஒரு கொடி சட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கும்போது, மண் நிரப்பிய இன்னொரு தயிர்ச்சட்டியைப் பக்கத்தில் நகர்த்தி, கணுவை அந்த மண்ணில் அமர்த்தி, மேலே ஒரு சிறு கல்லை வைக்க வேண்டும். இரண்டு, மூன்று வாரம் கழித்துக் கணுவை மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடித்திருக்கும். அப்போது நடுக்கொடியை வெட்டிவிட்டு, புதுச் சட்டியை வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மச்சாளிடம் நீட்டலாம்.