பினாட்டுக் காவலில் வாசித்த புத்தகங்கள்

ஆவணி மாதம் என்றால் எங்கள் வளவில் பனம்பழ வேலைதான். பழத்தைப் பொறுக்கி வந்து, கழுவி, தோலை உரித்து, களியைப் பிசைந்து வடிக்க வேண்டும். பந்தலில் விரித்த பாயில் அதை ஊற்றிக் காயவிட்டு, அடுத்த நாள் அதன் மேலேயே இன்னொரு முறை ஊற்ற வேண்டும். பினாட்டுத் தடிப்பாக வரும் வரைக்கும் இதே வேலை. பாய் வெயிலில் கிடக்கும் நேரமெல்லாம் யாராவது காவல் இருக்காவிட்டால் பாதி காகத்துக்கும் கோழிக்கும் போய்விடும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் அந்தக் காவல் என்னுடையது. வேப்ப மர நிழலில் அப்படிக் காவல் இருந்தபோதுதான், ஒன்பது வருடங்களுக்குப் பிறகு நான் மறுபடியும் புத்தகம் வாசித்தேன்.

திருமணத்துக்கு முன்பு நான் புத்தகப் பைத்தியம். கறிச் சட்டி அடிப்பிடித்து அம்மாவிடம் ஏச்சு வாங்கிய நாட்கள் பல. ஆனால் 2009க்குப் பிறகு புத்தகம் என்றாலே கை பின்வாங்கியது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். மகளின் ஆசிரியை விடுமுறையில் நான்கு புத்தகங்கள் வாசித்துக் குறிப்பு எழுதி வரும்படி சொல்லியிருந்தார். பிரதேச சபை நூலகத்தில் அவளைச் சேர்த்து விட்டேன். அவள் ஒன்றை வாசிக்கும்போது மற்றது பாயடியில் சும்மா கிடக்கும். காகத்தைக் கலைத்துக் கலைத்து அலுத்துப்போன ஒரு மத்தியானம் கையை நீட்டி எடுத்தேன்.

முதலில் எடுத்தது கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'. 1964இல் வெளிவந்த நாவல். தென்னிந்தியாவிலிருந்து மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த மக்களின் கதை. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழியை நம்பி வந்தவர்கள் கிட்டப் போய்ப் பார்த்தபோது கண்டது அட்டைக்கடியும் லயமும்தான். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியின் குடும்பம் 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தது. பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. பினாட்டுக்குக் களி பிசைய வந்தவருக்குச் சில பக்கங்களை வாசித்துக் காட்டினேன். கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "எங்கம்மா சொன்ன மாதிரியே இருக்குதே, யாரு எழுதினது?" என்றார். ஒரு பொம்பிளைதான் என்று சொன்னேன். விடிய முன்பே எழும்பிப் பெரட்டுக்கு ஓடியது, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போனது என்று அதன் பிறகு அவர் சொன்னவை தனியாக ஒரு புத்தகம் எழுதக் காணும். இத்தனை வருடம் வேலியால் கதைத்தும் எனக்கு அவரைத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்தது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. இந்த எழுத்தாளர் வீட்டுக் கதிரையில் இருந்து கற்பனை செய்பவர் அல்லர். எந்த மக்களைப் பற்றி எழுதுகிறாரோ அவர்களிடமே போய்ப் பழகி எழுதுவார். உப்பு நீரில் வெந்துபோன கால்களும், வெண்மையைப் பார்த்துப் பார்த்துக் கூசும் கண்களும், ஆணைவிடக் குறைந்த பெண் கூலியும் இந்த நாவலில் வருகின்றன. ஆனையிறவால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் உப்பளத்தைப் பார்த்திருக்கிறேன். போரை நினைத்திருக்கிறேனே தவிர, உப்பு அள்ளிய கால்களை நினைத்ததில்லை. இத்தனை பேருக்காக எழுதிய ராஜம் கிருஷ்ணன், கணவர் இறந்த பிறகு கைப்பொருளை இழந்து, கடைசிக் காலத்தை ஆதரவற்றோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் கழித்து, 2014இல் காலமானார். அதை அறிந்தபோது மனம் கனத்தது.

மூன்றாவது 'டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. யப்பானில் டெட்சுகோ குரோயநாகி எழுதியது. நேஷனல் புக் டிரஸ்ட் இதைத் தமிழில் வெளியிட்டிருக்கிறது. மகளும் நானும் அடிபட்டு வாசித்த புத்தகம் இது. குழப்படி என்று ஒரு பாடசாலையால் நிறுத்தப்பட்ட சிறுமி, பழைய ரயில் பெட்டிகளில் நடக்கும் இன்னொரு பாடசாலைக்குப் போகிறாள். முதல் நாளே அதிபர் கோபயாஷி நாலு மணித்தியாலம் அவள் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு பெரிய மனிதர் தன்னை அவ்வளவு நேரம் கேட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. எங்கள் பிள்ளைகளை நாங்கள் ஒரு பத்து நிமிடம் அப்படிக் கேட்கிறோமா?

1945இல் குண்டுவீச்சில் அந்தப் பாடசாலை எரிகிறது. எரிவதைப் பார்த்துக்கொண்டே அதிபர் தன் மகனிடம், அடுத்ததாக எப்படிப்பட்ட பாடசாலை கட்டுவோம் என்று கேட்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். இந்தப் புத்தகம் யப்பானில் வெளிவந்தது 1981இல். அதே வருடம் யூன் மாதத் தொடக்கத்தில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. எரிந்த நூலகத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். புத்தகத்தை எரிப்பவன் மனிதனில்லை என்று என் அப்பா சொல்வார்.

கடைசிப் புத்தகம் ஆன் பிராங்கின் நாட்குறிப்பு. பதின்மூன்றாவது பிறந்த நாளுக்கு ஒரு யூதச் சிறுமிக்குக் கிடைத்த கொப்பி அது. 1942 யூலையில் இருந்து 1944 ஆகஸ்ட் வரை, நாசிகளுக்குப் பயந்து அம்ஸ்ரடாமில் எட்டுப் பேர் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்திருக்கிறார்கள். பகலில் உரத்துக் கதைக்க முடியாது, தண்ணீர்க் குழாயைத் திறக்க முடியாது. உதவி செய்தவர்கள் சனிக்கிழமைகளில் நூலகப் புத்தகங்கள் கொண்டு வந்து கொடுப்பார்கள். அதற்காக அவர்கள் காத்துக் கிடப்பார்கள். பிடிபட்டுப் போன எட்டுப் பேரில் தகப்பன் மட்டுமே உயிரோடு திரும்பினார். 1947இல் மகளின் எழுத்தைப் புத்தகமாக்கினார்.

என் மகளுக்கும் அப்போது பதின்மூன்று வயது. வாசித்து முடித்த அன்று இரவு வந்து பக்கத்தில் படுத்தாள்.

"அம்மா, நாங்களும் பங்கருக்குள்ள இருந்தனாங்கள்தானே? அங்க எங்களிட்டப் புத்தகம் இருந்ததோ?"

அவள் கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்டவை ஏராளம். அன்று சொன்னேன். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று போன இடமெல்லாம் ஒரு ட்ரங்குப் பெட்டி நிறையப் புத்தகம் எங்களோடு வந்தது. பாரம் என்று மற்றவர்கள் ஏசியும் உன் அப்பா அதை விடவில்லை. மாத்தளனில் மழை. விறகெல்லாம் நனைந்துவிட்டது. உனக்கு மூன்று வயது, இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை. கஞ்சி வைக்க நெருப்புப் பிடிக்கவில்லை. நான் பெட்டியைத் திறந்து ஒரு புத்தகத்தைக் கிழித்தேன். அடுத்த நாள் இன்னொன்று. கடைசியாக எரித்தது செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. கலியாணத்துக்கு உன் அப்பா வாங்கித் தந்தது. முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து இருந்தது. அதற்குப் பிறகு மூன்று கிழமைதான் அவர் இருந்தார். அவர் எழுதிய ஒரு எழுத்துக்கூட இன்று என்னிடம் இல்லை, என் கையாலேயே எரித்தேன்.

மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குக் கஞ்சி வைக்கத்தானேம்மா எரிச்சனீங்கள்?" என்றாள்.

ஓம் என்றேன்.

"அப்ப அது நான் சாப்பிட்டதுதானே," என்றாள்.

ஒன்பது வருடம் அழாத அழுகையை அன்று அழுதேன். பாயில் கிடந்த பினாட்டை அடுத்த நாள் காலையில் காகம் கொத்திவிட்டது. பரவாயில்லை.

விடுமுறை முடிய, புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க நானும் போனேன். எனக்கும் ஒரு அங்கத்துவ அட்டை எடுத்தேன். தட்டில் 'வாடைக்காற்று' இருந்தது. வாடைக் காலத்தில் நெடுந்தீவுக்கு மீன்பிடிக்க வரும் மக்களின் கதை. சைக்கிள் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். முதல் பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் கதை அதே கதைதான்.

சகோதரிகளே, வேலையும் கடனும் கவலையுமாக இருக்கும்போது வாசிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டவள்தான். புத்தகம் எங்கள் கடனை அடைக்காது, போனவர்களைக் கொண்டு வராது. ஆனால் எனக்கும் என் பிள்ளைக்கும் இடையில் கிடந்த ஒரு மௌனத்தை அது திறந்து வைத்தது. உங்கள் ஊர் நூலகத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாமார் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கு உரத்து வாசியுங்கள். மாதர் சங்கக் கூட்டம் முடிய ஒரு பத்துப் பக்கம் வாசித்தாலும் போதும். எங்கள் சங்கத்தில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். முதலில் எடுத்தது 'தூரத்துப் பச்சை'. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் முன் வரிசையில் இருந்து பிழை திருத்துகிறார்.